ஒரே கல்லுக்கு ரெண்டு நாள்ல ரெண்டு கோஆர்டினேட்: டிஜிபிஎஸ் பேஸ்ல எங்கே தப்பு?

காங்கேயம் கொறங்காடு:

ஊதியூர் பக்கம் 11 ஏக்கர் கொறங்காட்டை (மேய்ச்சல் நிலம்) டிஜிபிஎஸ்ல, அதாவது திருத்தம் வாங்கற ஜிபிஎஸ்ல, அளந்தேன். பேஸ் (ஒரே இடத்துல நின்னு திருத்தம் அனுப்பறது), ரோவர் (கல்லுக்குக் கல் கொண்டுபோறது) ரெண்டுமே எல்1, எல்2னு ரெண்டு அலைவரிசை வாங்கற ரிசீவர். ஜிபிஎஸ், க்ளோனாஸ், கலிலியோ, பெய்டூன்னு நாலு சாட்டிலைட் கூட்டமும் ஆன்ல இருக்கு. ரேடியோ உள்ளேயே இருக்கற 2 வாட்ஸ். பேஸ் வெச்சது பாறைமேல அடிச்ச ஆணி, ரெண்டு நாளும் அதே ஆணிதான். நடுவுல பத்து நாள் இடைவெளி. ரோவர் ரெண்டு நாளும் ஃபிக்ஸ்டு (சென்டிமீட்டர் நிலை), கிடைமட்டப் பிழை 0.012 மீ.க்கு மேல காட்டவே இல்லை.

முதல் நாள் எடுத்த வடமேற்குக் கல்லை மறுக்கா எடுத்தா கிழக்குல 1.21 மீ கூட, வடக்குல 1.37 மீ குறைச்சல், உயரம் 2.9 மீ கூட. மொத்தம் 1.83 மீ நகர்ந்திருக்கு. ஆனா கல்லுக்குக் கல் தூரம் ரெண்டு நாளும் 1.5 செ.மீ.க்குள்ள ஒத்துப்போகுது.

இன்னொரு சந்தேகமும் இருக்குதுங்க. தெற்கு எல்லை எஃப்எம்பியில (அரசு நில அளவை வரைபடம்) 312.4 மீ. கன்ட்ரோலர் (ரோவரோட கைக்கருவி) 312.57 சொல்லுது. அந்த 17 செ.மீ. எங்கிருந்து வந்துச்சு?

பேஸ் ஸ்டார்ட் பண்றப்ப கொடுத்தது "கரண்ட் பொசிஷன்". ப்ரொஜெக்ஷன் (உருண்டைப் பூமியைத் தட்டையாக்கற கணக்கு) யுடிஎம் 43 வடக்கு.

ஈரோடு அளவர்:

தம்பி, விடை நீங்க எழுதுன கடைசி வரியிலயே இருக்கு. "கரண்ட் பொசிஷன்" கொடுத்தா பேஸ் அந்த நிமிஷத்துல தனக்குத் தெரிஞ்ச இடத்தை, அதாவது திருத்தமே இல்லாத தனி ஜிபிஎஸ் கணக்கை, "இதுதான் நான் நிக்கற இடம்"னு எடுத்துக்கும். அதுல கிடைமட்டமா 1 முதல் 3 மீட்டர் தப்பு இருக்கறது சாதாரணம். உயரத்துல அதைவிடக் கூடத்தான் இருக்கும். உங்க 1.83 மீட்டரும் 2.9 மீட்டரும் அதே கணக்குல வர்ற தப்புதான். ஆணி அங்கேயேதான் இருக்கு, அதுக்கு எழுதுன முகவரிதான் ரெண்டு நாளும் வேற.

ரோவர்ல "ஃபிக்ஸ்டு"ன்னு வந்தா, பேஸ்லிருந்து ரோவர் எவ்வளவு தூரம், எந்தத் திசைங்கறது மட்டும்தான் சென்டிமீட்டர்ல உறுதி. பேஸோட சொந்த இடம் சரியா தப்பான்னு ரோவருக்குத் தெரியவே தெரியாது. கல்லுக்குக் கல் தூரம் ஒத்துப்போறதும் அதனாலதான். 0.012ன்னு வர்றதை வெச்சு அளவே சரின்னு முடிவு பண்ணிடாதீங்க.

இப்ப செய்யவேண்டியது இது. முதல் நாள் வேலைக் கோப்புல பேஸ் பாயிண்டோட அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம் பதிவாகியிருக்கும். அதை எடுத்து வெச்சுக்கோங்க. இனி அந்த ஆணிமேல நிக்கற ஒவ்வொரு நாளும் "நோன் பாயிண்ட்"னு (தெரிஞ்ச புள்ளி) அதே எண்ணைக் கைல அடிச்சு ஸ்டார்ட் பண்ணோணும். ரெண்டாம் நாள் எடுத்த பாயிண்ட்களைத் தூக்கிப்போட வேண்டாம். எல்லாமே ஒரே அளவு நகர்ந்திருக்கு, சுழற்சி கிடையாது. கிழக்குல 1.21 கழிச்சு, வடக்குல 1.37 கூட்டுனா பழைய சட்டத்துக்கே வந்துரும்.

அன்னைக்கு ஆன்டெனா உயரத்தைச் சரியா அடிச்சீங்களான்னும் பாருங்க. ட்ரைபாட்ல பேஸ் உயரத்தை ஆணியிலிருந்து ரிசீவர் பக்கத்துல இருக்கற கோடு வரைக்கும் சாய்வாத்தான் டேப் பிடிக்கறோம். சாய்வை நேர் உயரமா மாத்துறதுல வர்ற வித்தியாசம் சின்னது, 1.5 மீட்டருக்கு 2 மி.மீ. ஒட்டி. பெரிய தப்பு மெனுவுலதான் வரும். "ஸ்லான்ட்"னு (சாய்வா) அளந்துட்டு "பாட்டம்"னு (அடிப்பாகம்) தேர்ந்தெடுத்தா, ரிசீவர் அடியிலிருந்து அந்தக் கோடு வரைக்கும் இருக்கற சில சென்டிமீட்டர் முழுசா உயரத்துல ஏறிரும். தொடங்கறப்ப ஒரு தடவை, கழட்டறப்ப ஒரு தடவை டேப் பிடிச்சு நோட்டுல எழுதுங்க.

கரூர் 78:

17 செ.மீ. பத்தி நான் சொல்றேன். அது பெரும்பாலும் யுடிஎம் ஸ்கேல், அதாவது நிலத்துத் தூரம் தட்டை வரைபடத்துல எத்தனை மடங்காகுதுங்கறது.

நம்ம கொங்கு நாட்டை 78 டிகிரி தீர்க்கரேகை ரெண்டாப் பிரிக்குது. அதுக்கு மேற்கே யுடிஎம் மண்டலம் 43, மையக்கோடு 75 டிகிரி. கிழக்கே மண்டலம் 44, மையக்கோடு 81. கோவை, திருப்பூர், ஈரோடு, தாராபுரம் 43ல வரும். கரூர், நாமக்கல், சேலம் 44. பரமத்தி வேலூர் கிட்டத்தட்ட கோட்டுமேலயே உக்காந்திருக்கு. 1802இல் தொடங்கிய பெரும் முக்கோண அளவையில் லாம்டன் வடக்கே இழுத்துட்டுப் போன பெருவளைவும் இந்த 78ஐ ஒட்டித்தான்.

யுடிஎம்ல மையக்கோட்டுல ஸ்கேல் 0.9996. விலக விலக ஏறும். கோவை (76.96) வந்தா 1.00016 ஒட்டி. காங்கேயத்துல (77.56) 1.00056. ஈரோட்டுல (77.72) 1.00069. 78 டிகிரிக் கோட்டுல 1.0009 தாண்டிரும். அதாவது கோட்டுக்கிட்ட ஒரு கிலோமீட்டர் நிலத்துல அளந்தா கன்ட்ரோலர் 90 செ.மீ.க்கு மேல கூட்டிச் சொல்லும். உங்க 312.4ஐ 1.00056ஆல பெருக்கிப் பாருங்க, 312.57 வந்துரும். உயரக் காரணியால ஒரு சென்டிமீட்டர் குறையும், அவ்வளவுதான்.

தூரத்துல இது சின்னதாத் தெரியும். பரப்புல ரெண்டு மடங்கு. ஈரோட்டுல 10 ஏக்கருக்குச் சுமார் 1.35 சென்ட் கூடுதலாக் காட்டும். கிரயம் பேசற நேரத்துல 1.35 சென்ட் சின்ன விஷயம் இல்லீங்க.

தீர்வு ரெண்டு. கன்ட்ரோலர்ல "கிரவுண்ட் டிஸ்டன்ஸ்" இல்லைன்னா "கிரவுண்ட் ஸ்கேல்" ஆன் பண்ணி, வேலை நடக்கற இடத்துல ஒரு பாயிண்டை ஆதாரமா வைக்கலாம். இல்லைன்னா அந்த வேலைக்குன்னே யுடிஎம் மாதிரியே ஒரு ட்ரான்ஸ்வர்ஸ் மெர்கேட்டர் ப்ரொஜெக்ஷன் போட்டுக்கலாம். நிலத்து நடுவுல மையக்கோடு, ஸ்கேல் 1, ஃபால்ஸ் ஈஸ்டிங் (கிழக்குத் தொடக்க எண்) 10000, ஃபால்ஸ் நார்த்திங் (வடக்குத் தொடக்க எண்) 20000 மாதிரி எண் கொடுங்க. யுடிஎம் எண்ணோட யாரும் குழப்பிக்கக் கூடாதுங்கறதுக்காகத்தான் சின்ன எண். உயரத்தையும் உள்ளே கொண்டுவரணும்னா அந்த 1ஐ 1 + (உயரம் ÷ 6378000)னு மாத்தணும். இங்கே உயரம்னா ரிசீவர் சொல்ற எலிப்சாய்டு (பூமிக்குன்னு கணக்குல வெச்ச வழவழப்பான உருண்டை) உயரம்.

கோடு தாண்டற வேலையா இருந்தா இன்னொண்ணையும் கவனிங்க. 78 டிகிரிக்கிட்ட கிரிட் (வரைபடக் கட்டம்) வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் 34 நிமிஷம் விலகல். 43ல அது ஒரு பக்கம், 44ல மறுபக்கம். பாதி பாயிண்டை 43லயும் மீதியை 44லயும் எடுத்துட்டு கேட்ல (வரைபட மென்பொருள்) ஒட்டவெச்சா, இடம் லட்சக்கணக்குல தள்ளிப்போறது கண்ணுக்குத் தெரிஞ்சிரும். கைல இழுத்து ஒட்டுனாலும் ஒரு டிகிரிக்கு மேல முறுக்கிட்டு நிக்கும். ஒரு வேலைக்கு ஒரே மண்டலம். முதல் நாளே முடிவு பண்ணி, கோட்டுக்கு அந்தப்பக்கம் போனாலும் மாத்தக்கூடாது. க்யூஜிஐஎஸ் மென்பொருள்ல 43 வடக்குக்கு இபிஎஸ்ஜி எண் 32643, 44க்கு 32644.

கோபி வாய்க்கால்:

பேஸ் ஆணிக்கு உண்மையான கோஆர்டினேட் எப்படிங்கண்ணா கொண்டுவர்றது? முதல் நாள் எண்ணையே பிடிச்சுக்கிட்டா அந்த வேலைக்குள்ள சரி. பக்கத்து சர்வே நம்பரை வேற யாரோ வேற பேஸ்ல அளந்தா ஒட்டாதே?

ஈரோடு அளவர்:

மூணு வழி இருக்கு.

முதல் வழி கார்ஸ். சர்வே ஆஃப் இந்தியா நடத்தற தொடர் இயக்க நிலையங்கள்ல பதிவு பண்ணி பேரும் பாஸ்வேர்டும் வாங்கிட்டு, ரோவரை என்ட்ரிப்ல (நெட் வழியாத் திருத்தம் வர்ற முறை) இணைச்சு, அந்த ஆணிமேல பைபாட் (ரெண்டு கால் தாங்கி) போட்டு 3 நிமிஷம் வீதம் ரெண்டு தடவை எடுங்க. நடுவுல ஒரு மணி நேரமாவது விடுங்க. ரெண்டும் 2 செ.மீ.க்குள்ள இருந்தா சராசரி எடுத்து அதையே பேஸ் எண்ணா வெச்சுக்கலாம். கன்ட்ரோலர்ல ஐபி, போர்ட் (வழக்கமா 2101), மவுண்ட்பாயிண்ட் (எந்தத் திருத்தம் வேணும்ங்கற பேர்), பேர், பாஸ்வேர்டு இந்த அஞ்சும்தான் கேக்கும். மவுண்ட்பாயிண்ட் பட்டியலைக் கைல அடிக்காம இறக்கியே எடுங்க, ஒரு எழுத்து பெருசு சின்னதா மாறுனாக்கூட சர்வர் சேக்காது. நெட்வொர்க் ஆர்டிகேன்னா (பல நிலையம் சேந்து உடனுக்குடன் திருத்தம் தர்றது) "ஜிஜிஏ அனுப்பு" ஆன்ல இருக்கோணும். ரோவர் எங்கே நிக்குதுன்னு சர்வருக்குத் தெரிஞ்சாத்தான் திருத்தம் வரும். "கனெக்டட்"னு காட்டியும் டேட்டா வரலைன்னா முதல்ல பாக்கவேண்டிய இடம் இதுதான். மணிக்கு நாலஞ்சு எம்பி போதும், நெட் வேகம் முக்கியமில்லை. தொடர்ச்சியா வருதாங்கறதுதான் முக்கியம். திருத்தத்தோட வயசு 2 நொடிக்கு மேல போச்சுன்னா அந்த பாயிண்டைச் சேமிக்காதீங்க.

ரெண்டாவது ஸ்டேடிக். ஆணிமேல பேஸை நாலு மணி நேரம் பதிய விட்டு, 30 நொடி இடைவெளிக்குக் குறைச்சு, ரைனெக்ஸ்ங்கற பொதுக் கோப்பா மாத்தி, இலவசமா கணக்குப் போட்டுத்தர்ற கனடா அரசோட சிஎஸ்ஆர்எஸ்-பிபிபி, ஆஸ்திரேலியாவோட ஆஸ்பாஸ் மாதிரி சேவைக்கு அனுப்பலாம். ஆன்டெனா மாடல், அடிப்பாகம் வரைக்குமான உயரம் ரெண்டும் சரியா இருக்கோணும். பெங்களூரு ஐஐஎஸ்சி வளாகத்துல இருக்கற ஐஜிஎஸ் (உலக வலையமைப்பு) நிலையம் கோவையிலிருந்து 230 கி.மீ. சொச்சம். அதை ஆதாரமா வெச்சு நீங்களே போஸ்ட் ப்ராசஸ் பண்றதும் உண்டு, ஆனா அவ்வளவு நீளத்துக்கு நாலு மணி நேரமே குறைச்சல்தான்.

மூணாவது, பக்கத்துல அரசு அளவைக் கட்டுப்பாட்டுப் புள்ளி இருந்தா அதுல பேஸை வெச்சு உங்க ஆணிக்குக் கொண்டுவர்றது.

எந்த வழியில வந்த எண்ணுன்னு பாயிண்ட் பேரோட எழுதி வெச்சிருங்க. ஏன்னு அடுத்து யாராவது சொல்லிருவாங்க.

கோவை ஜிஐஎஸ்:

சொல்லிடறேன், ஏன்னா இங்கே நிறையப் பேர் 1 மீட்டர் விட்டுடறாங்க.

இந்தியத் தட்டு வடகிழக்கா ஆண்டுக்குச் சுமார் 5 செ.மீ. நகருது. சர்வே ஆஃப் இந்தியா கட்டுப்பாட்டுப் புள்ளிகளோட சட்டம் 2005 எபாக்கில், அதாவது அந்தக் காலத்து இடத்துல, நிறுத்தினது. பிபிபி சேவை கொடுக்கற விடை நீங்க பதிவெடுத்த நாளோட எபாக். இருபது வருஷத்துக்கு ஒரு மீட்டர். ரெண்டு எண்ணும் தன்னளவுல சரிதான், ரெண்டுமே 2 செ.மீ. துல்லியம்தான், ஆனாலும் ஒண்ணுமேல ஒண்ணு போட்டா வடகிழக்கா ஒரு மீட்டர் நகர்ந்து நிக்கும். ஒரு வேலையோட பேஸை பிபிபிலயும் அடுத்த வேலையோட பேஸை கார்ஸ்லயும் கட்டுனா பக்கத்துப் பக்கத்து நிலம் ஒட்டவே ஒட்டாது. நகர்வு வடகிழக்குத் திசையில, நிலம் பூராவும் ஒரே அளவு இருந்துச்சுன்னா முதல் சந்தேகம் எபாக்மேல வரணும். "டபிள்யூஜிஎஸ்84"ன்னு கன்ட்ரோலர் மேலே எழுதியிருக்கறதை நம்பி விட்றக் கூடாது. அந்தப் பேர்ல எந்த எபாக் வேணும்னாலும் ஒளிஞ்சுக்கலாம்.

பழைய டோபோ ஷீட் மேல போடறவங்களுக்கு: அது எவரெஸ்ட் டேட்டம், பழைய அளவைச் சட்டம். அங்கே வித்தியாசம் நூற்றுக்கணக்கான மீட்டர், உடனே தெரிஞ்சிரும். தெரியாம நம்மை ஏமாத்தறது இந்த ஒரு மீட்டர்தான்.

பொள்ளாச்சி தோப்பு:

காங்கேயத்துக்காரருக்கு வானம் திறந்து கிடக்கு. இங்கே நாளெல்லாம் தென்னைக்குள்ள. அதனால ஃபிக்ஸ் பத்திச் சொல்றேன்.

தென்னந்தோப்புல ஃபிக்ஸ் வராம இருந்தா நல்லது, ஏன்னா அப்ப தெரிஞ்சே வெளியே வந்துருவோம். ஆபத்து பொய் ஃபிக்ஸ். மட்டை அசைய அசைய சிக்னல் விட்டு விட்டு வரும், மரத்துல பட்டுத் திரும்பி வர்றதும் சேரும். ரிசீவர் அலைகளோட எண்ணிக்கையைத் தப்பா முடிவு பண்ணிட்டு "ஃபிக்ஸ்டு, 0.015"னு காட்டும். உண்மையில 30 செ.மீ. தள்ளி இருக்கும். உயரம் திடீர்னு அரை மீட்டர் குதிச்சா அதுதான் முதல் அறிகுறி, அதனால ரோவர் திரையில உயரத்து மேல ஒரு கண் இருந்துட்டே இருக்கணும்.

கல்மேல 10 நொடி எடுத்து சேமிச்சதும் மெனுல ஆர்டிகே ரீசெட் கொடுத்து, புதுசா ஃபிக்ஸ் ஆனதும் இன்னொரு பேர்ல எடுங்க. முக்கியமான கல்லுன்னா ஒரு மணி நேரம் கழிச்சு, சாட்டிலைட் அமைப்பு மாறினதும் மூணாவது தடவை. கிடைமட்டம் 3, உயரம் 5 செ.மீ.க்குள்ள மூணும் ஒத்துப்போனா எடுத்துக்கலாம். எலிவேஷன் மாஸ்க் (இந்தக் கோணத்துக்குக் கீழே நிக்கற சாட்டிலைட்டை விட்டுடற அளவு) திறந்தவெளியில 10 டிகிரி, தோப்புல 15. 20 வெச்சா சாட்டிலைட் போதாம பிடாப் (சாட்டிலைட் பரவல் மோசமானா ஏறற எண்) ஏறிரும். பிடாப் 3க்கு மேல போனா காத்திருங்க.

தென்னை 25 அடிக்கு 25 அடி நட்டிருந்தா நாலு மரத்துக்கு நடுமையம்தான் வானம் கொஞ்சம் திறந்த இடம். கல் மரத்தடியில இருந்தா அந்த நடுமையத்துல ஒரு பாயிண்ட், அடுத்த நடுமையத்துல ஒரு பாயிண்ட் எடுத்து, ரெண்டுல இருந்தும் டேப் பிடிச்சு வெட்டிக்கலாம். ரெண்டு டேப்பும் கல்லுக்கிட்ட சந்திக்கற கோணம் 30க்குக் குறையாம, 150க்கு மேல போகாம பாத்துக்குங்க.

பத்துக் கல்லுக்கு மேல தோப்புக்குள்ள இருந்தா டோட்டல் ஸ்டேஷனே (கோணமும் தூரமும் அளக்கற கருவி) மேல். ஆனா அதுக்கு வெளியே எடுக்கற ரெண்டு டிஜிபிஎஸ் பாயிண்ட் கிட்டக் கிட்ட இருக்கக் கூடாது. 30 மீட்டர் இடைவெளியில 2 செ.மீ. தப்பு இருந்தா, உள்ளே 150 மீட்டர் போனதும் அது 10 செ.மீ. ஆயிரும். பேக்சைட் (பின்னாடி பாக்கற ஆதாரப் புள்ளி) தூரம் உள்ளே பாக்கற தூரத்தைவிட நீளமா இருக்கட்டும்.

கோபி வாய்க்கால்:

ரேடியோ 2 வாட்ஸ்ல எவ்வளவு தூரம் நம்பலாங்க? கரும்புக் காட்டுல 1 கிலோமீட்டர்லயே விட்டுப்போகுது.

ஈரோடு அளவர்:

திறந்த கொறங்காட்டுல 3 கி.மீ. வரும். கரும்பு, வாழை, தென்னை நடுவுல 1 கி.மீ.தான். ஆன்டெனாவை உயர்த்துங்க, அதுல கிடைக்கறது வாட்ஸ் ஏத்துறதுல கிடைக்காது. வெளி ரேடியோ 25, 35 வாட்ஸ் போட்டா 12 வோல்ட் 60 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒரு நாளுக்கு வேணும், ஃப்யூஸோட, தடிமனான வயர்ல. ஆன்டெனா மாட்டாம ரேடியோவை ஆன் பண்ணாதீங்க, உள்ளே ஆம்ப்ளிஃபயர் எரிஞ்சுரும். ரேடியோ ஆன்டெனாவை பேஸ் ரிசீவர்லிருந்து 4 மீட்டராவது தள்ளி நிறுத்துங்க. யுஹெச்எஃப் அலைவரிசைக்கு டபிள்யூபிசி (மத்திய அரசோட அலைவரிசைப் பிரிவு) உரிமம் வேணும், அதையும் பாத்துக்குங்க.

பேஸ், ரோவர் ரெண்டுலயும் ஒத்துப்போகவேண்டியது: அலைவரிசை, ப்ரோட்டோகால், சேனல் இடைவெளி (12.5 அல்லது 25 கிலோஹெர்ட்ஸ்), காத்துவழி பாட் ரேட். 9600ல நாலு கான்ஸ்டலேஷனுக்கும் (சாட்டிலைட் கூட்டம்) எம்எஸ்எம்7ங்கற பெரிய திருத்தச் செய்தியை அனுப்புனா நொடிக்குள்ள அடங்காது. திருத்தம் ஒரு நொடி வரும், ரெண்டு நொடி வராது, ரோவர் ஃபிக்ஸுக்கும் ஃப்ளோட்டுக்கும் (இன்னும் உறுதியாகாத நிலை) நடுவுல ஆடிட்டே இருக்கும். பாக்கறவங்க ரேடியோ வீக்குன்னு நினைப்பாங்க. சின்னதான எம்எஸ்எம்4க்கு மாத்துங்க, இல்லை 19200 வைங்க. பேஸ் இடத்தைச் சொல்ற 1006 செய்தி 10 நொடிக்கு ஒரு தடவை போதும். க்ளோனாஸ் பயன்படுத்தறப்ப பேஸும் ரோவரும் வேற வேற கம்பெனின்னா 1230 செய்தியும் போகோணும், இல்லைன்னா க்ளோனாஸ் மட்டும் ஃபிக்ஸ் ஆகாம நிக்கும்.

ஆடி மாசத்துப் பாலக்காட்டுக் கணவாய்க் காத்துக்கு ட்ரைபாடை நெஞ்சு உயரத்துல நிறுத்தாதீங்க. காலை அகட்டி, தாழ்த்தி, ஒவ்வொரு காலுக்கும் மணல் மூட்டை. பல்லடம், உடுமலை பக்கம் காத்தாலை நிக்கற இடத்துல எல்லாம் இது கட்டாயம். மதியம் ஒரு தடவை லேசர் ப்ளம்மெட்ல ஆணி மையம் நகர்ந்திருக்கான்னு பாருங்க.

கோவை ஜிஐஎஸ்:

நேரத்தையும் சேத்துக்குங்க. பூமியோட காந்த நடுக்கோடு திருநெல்வேலியை ஒட்டிப் போகுது. நாம அதுக்குக் கொஞ்சம் வடக்கேதான் இருக்கோம். சூரியன் மறைஞ்சதும் அயனமண்டலத்துல குமிழி கிளம்பி சிக்னலைக் குலுக்கும். சாயந்திரம் ஏழிலிருந்து நடுராத்திரி வரைக்கும், அதிலும் மார்ச்-ஏப்ரல், செப்டம்பர்-அக்டோபர் மாசங்கள்ல அதிகம். சூரியச் சுழற்சி 25 உச்சத்துக்கு வந்துட்டதா 2024 அக்டோபரில் அறிவிச்சாங்க, அந்த உச்சத்தை ஒட்டின வருஷங்கள்ல இன்னும் மோசம். வெயிலுக்குப் பயந்து இருட்டுன பிறகு ஸ்டேடிக் பதியறவங்க இதனாலதான் காலையில கணக்குப் போட்டா சைக்கிள் ஸ்லிப்பா (அலை எண்ணிக்கை விட்டுப்போறது) வருதுன்னு முழிக்கறாங்க. காலை 6 முதல் 11 வரைக்கும்தான் இங்கே நல்ல நேரம். மதியம் 12 முதல் 3 வரைக்கும் பேஸ் 10 கி.மீ.க்கு மேல தள்ளியிருந்தா ஃபிக்ஸ் ஆக நேரம் எடுக்கும், கிட்ட இருந்தா பிரச்சினை இல்லை.

ககன் (இந்தியாவோட சாட்டிலைட் திருத்தச் சேவை) வந்தா சென்டிமீட்டர் வந்துருமான்னு அடிக்கடி கேக்கறாங்க. விமானத்துக்காகச் செஞ்ச திருத்தம் அது, எல்லைக்கல்லுக்கு உதவாது.

தாராபுரம் சர்வே:

இவ்வளவும் சரியா வந்தப்புறம்தான் உண்மையான வேலை தொடங்குது. எஃப்எம்பியில கோஆர்டினேட்டே கிடையாதுங்க. ஜி லைன் (ஆதாரக் கோடு), அதுக்கு ஆஃப்செட் (செங்குத்துத் தூரம்), கல்லுக்குக் கல் தூரம், அவ்வளவுதான். டிஜிபிஎஸ் சொல்ற இடத்தையும் எஃப்எம்பி சொல்ற வடிவத்தையும் ஒட்டவைக்கறது களத்துல இருக்கற கல்லு மட்டும்தான்.

பழைய எஃப்எம்பி லிங்க்ஸ்ல (சங்கிலிக் கண்ணி அளவு) இருந்தா 0.2ஆல பெருக்காதீங்க. 1 லிங்க் 0.201168 மீ. 500 லிங்க்ஸ் 100.58 மீ, 100 மீ இல்லை. அரைக் காணி அகலத்துக்கு அந்த 58 செ.மீ.லயே சண்டை வந்துரும்.

நம்ம பக்கம் கிளுவை வேலியை எல்லைன்னு வெச்சு ரோவரை வேலி ஓரமா நட்டுட்டுப் போறாங்க. வேலி தலைமுறை தலைமுறையா அகண்டு 1 மீட்டர், ஒன்றரை மீட்டர் ஆயிருக்கு. கல் வேலிக்கு உள்ளே வேரோட பின்னிக் கிடக்கும். பக்கத்துக் கல்லுல இருந்து எஃப்எம்பி தூரத்தை ஸ்டேக்அவுட்ல (இடத்தைத் தேடிக் காட்டற மெனு) கொடுத்து, வர்ற இடத்தைச் சுத்தி அரை மீட்டர் வட்டத்துக்குக் கடப்பாரையில மெதுவாத் தட்டிப் பாருங்க. கல்லுல பட்டா ஓசையே வேற. மண்ணை ஒதுக்கித் தலையை மட்டும் தெரியவைங்க, ஆட்டக் கூடாது. போல் முனை கல்தலையில வெட்டியிருக்கற குறியோட நடுவுல நிக்கோணும், விளிம்புல இல்லை. ஒரு கல் விளிம்பிலிருந்து விளிம்புக்கு 10, 15 செ.மீ. இருக்கு.

குறைஞ்சது நாலு கல், அதுவும் நிலத்தைச் சுத்தி நாலு பக்கமும். ஒரே ஓரத்துல நாலு கல் இருந்து பிரயோஜனம் இல்லை. மூணு சர்வே நம்பரோ மூணு கிராமமோ சேர்ற முச்சந்திக் கல் கிடைச்சா அதுக்கு மதிப்பு அதிகம், அதை மூணு பக்கத்து எஃப்எம்பியும் சாட்சி சொல்லும். அப்புறம் எஃப்எம்பி வடிவத்தை நகர்த்தல், சுழற்சி மட்டும் விட்டு ஸ்கேலை 1ல பூட்டிப் பொருத்துங்க. ஸ்கேலை அவிழ்த்துவிட்டா மென்பொருள் எல்லாத் தப்பையும் நிலத்தை ஊதியோ சுருக்கியோ மறைச்சிரும். ஒவ்வொரு கல்லோட எச்சத்தையும் (பொருத்துன பிறகு மிஞ்சற விலகல்) பாருங்க. மூணு கல் கம்மியாவும் ஒண்ணு மட்டும் ரொம்பக் கூடவும் நின்னா அந்த ஒண்ணு நகர்ந்த கல்லு. நாலுமே 30, 40 செ.மீ.னு நின்னா லிங்க்ஸை 0.2ஆல பெருக்கிட்டீங்களான்னு மறுக்கா பாருங்க.

கட்சிக்காரங்ககிட்ட "டிஜிபிஎஸ்ல அளந்தாச்சு, 20 செ.மீ. உங்க பக்கம் வந்திருக்கு"ன்னு எடுத்த எடுப்புல சொல்லாதீங்க. சங்கிலியில அளந்த எஃப்எம்பிக்கு அந்த 20 செ.மீ. துல்லியம் கிடையாது. எல்லையைக் காட்டி உறுதி பண்ற அதிகாரம் அரசு சர்வேயர்கிட்ட இருக்கு, நம்ம வரைபடம் அவருக்கு உதவற தாள்தான்.

கோபி வாய்க்கால்:

உயரத்துக்கு ஒரு கேள்விங்க. கீழ்பவானி வாய்க்கால் ஓரம் லெவல் எடுத்தா ரிசீவர் காட்டறது, கல்லுல எழுதியிருக்கற கடல்மட்ட உயரத்தைவிட 90 மீட்டர் கம்மி.

கரூர் 78:

ரிசீவர்ல தப்பில்லை. அது எலிப்சாய்டு உயரம். தென்னிந்தியாவுல ஜியாய்டு (கடல்மட்டப் பரப்பு) எலிப்சாய்டுக்கு 90 மீட்டர் ஒட்டிக் கீழே கிடக்கு. கன்ட்ரோலர்ல ஈஜிஎம்2008ங்கற ஜியாய்டு கோப்பை ஏத்திட்டு, தெரிஞ்ச பெஞ்ச்மார்க் (உயரம் எழுதுன கல்) ஒண்ணுல நின்னு மிச்ச வித்தியாசத்தை ஷிஃப்டா கொடுத்துருங்க.

ஆனா வாய்க்கால் லெவலுக்கு ஆர்டிகே வேண்டாம். உயரத்துல 2, 3 செ.மீ. ஆடும். 100 மீட்டருக்கு 2 செ.மீ. சரிவு வேணும்னா தண்ணி எந்தப் பக்கம் போகும்னே சொல்ல முடியாது. இடத்துக்கு டிஜிபிஎஸ், லெவலுக்கு ஆட்டோ லெவல்.

காங்கேயம் கொறங்காடு:

எல்லாருக்கும் நன்றிங்க. செஞ்சதைப் போடறேன்.

பேஸ் ஆணிக்கு கார்ஸ்ல காலை 7.10க்கும் 8.30க்கும் எடுத்தது, ரெண்டும் 1.1 செ.மீ.ல ஒத்துப்போச்சு. சராசரியை நோன் பாயிண்டா கொடுத்தாச்சு. வடமேற்குக் கல்லை வெவ்வேற நாள் ரெண்டு தடவை எடுத்தா இப்ப வித்தியாசம் கிழக்குல 0.9, வடக்குல 1.2 செ.மீ. தெற்கு எல்லை கிரவுண்ட் தூரம் 312.41, எஃப்எம்பி 312.4. போல் ரசமட்டத்தைச் சோதிச்சதுல 180 டிகிரி திருப்புனா குமிழி வட்டத்தை விட்டு வெளியே போகுது, அதனால பைபாட்ல நிறுத்திப் பாதி விலகலைத் திருகுல சரிபண்ணியாச்சு.

நாலு கல் பொருத்துனதுல தென்மேற்கு எச்சம் 34 செ.மீ., மத்த மூணும் அதைவிட ரொம்பக் கம்மி. தென்மேற்குக் கல் வேலிக்கு வெளியே, தடத்தோரம் நிக்குது.

தாராபுரம் சர்வே:

தென்மேற்கை விட்டுட்டு மூணு கல்லுல மட்டும் பொருத்துங்க. தென்மேற்கு எச்சம் இன்னும் ஏறும், அதுதான் அந்தக் கல்லோட உண்மையான நகர்வு. அப்புறம் பக்கத்து சர்வே நம்பர் எஃப்எம்பியை இறக்கி, அதே மூலைக்கு அவங்க பக்கத்துத் தூரத்தைப் போட்டுப் பாருங்க. ரெண்டு எஃப்எம்பியும் ஒரே இடத்தைக் காட்டுனா அங்கே ஸ்டேக்அவுட் பண்ணி வேலிக்கு உள்ளே ஒரு முழ ஆழம் தோண்டுங்க. தடம் அகலப்படுத்தறப்ப எடுத்து ஓரமா நட்ட கல்லா இருந்தா, பழைய குழி செம்மண்ணுல வேற நிறமாத் தெரியும். கல்லை நீங்க நகர்த்தவேண்டாம். ரெண்டு இடத்தோட கோஆர்டினேட்டையும், குழியோட படத்தையும் வெச்சு பட்டாதாரரை மறுஅளவைக்கு மனு கொடுக்கச் சொல்லுங்க.